தொட்டி எண் ஏழைத் திறந்துவிடவும்

"தங்கள் குடியிருப்பில் இருபதாயிரம் லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலைத் தொட்டி (எண் 7) ஏற்கெனவே இயங்கிவருவதால், தண்ணீர் கேட்டுத் தாங்கள் அனுப்பிய மனு நிராகரிக்கப்படுகிறது."

பதினெட்டாவது முறையாக இந்தப் பதில் வந்தபோது பெயிண்டரின் மனைவி உறையைப் பிரிக்கவும் இல்லை. உள்ளே இருப்பது அவளுக்கு மனப்பாடம். நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் ஒரு காலுக்கடியில் செருகினாள். முதல் பதில் வந்த காலத்தில் அந்தக் கால்தான் குட்டை. இப்போது மற்ற மூன்று கால்களும் குட்டை.

"இருபதாயிரம் லிட்டராம்," என்று சொல்லிக்கொண்டே இரண்டு குடங்களை எடுத்தாள். "உங்க தொட்டிதானே? ஒரே ஒரு குடம் குடுக்குமான்னு நீங்களே கேட்டுப் பாருங்களேன்."

ரயில் பாதையைத் தாண்டினால் ஒரு கைப்பம்பு உண்டு. போக ஒரு மைல், வர ஒரு மைல். முப்பது வருடமாக நடந்ததில் அவளுடைய இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இனிமேல் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, "சரிங்க, நாளையிலேர்ந்து நீங்க வந்து தூக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

ஆனால் இப்போதைய கவலை இடுப்பு அல்ல. மகளுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம் ஆகிறது. பேரனைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். "பிள்ளையக் குளிப்பாட்டத் தண்ணியில்லாத வீட்டுக்கு எப்படிம்மா தூக்கிட்டு வர்றது? தண்ணி வரட்டும், மறுநாளே வர்றேன்" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். அதில் தப்புச் சொல்ல முடியாது. அவளே அந்த வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள்.

பெயிண்டர் ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தார். நாற்பத்தெட்டு வீடுகளுக்கு நடுவில், மண்மேட்டின் மேல், நாலு இரும்புக் கால்களில் அது நின்றது. அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஏனென்றால் அது தொட்டியே அல்ல. அது ஏவுகணை. இந்தச் சின்ன நாட்டின் ஒரே அணு ஏவுகணை.

குடியிருப்பில் இது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் ரகசியம்.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன்னால், பக்கத்துப் பெரிய நாட்டுக்குப் பயந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்த ஒன்றைச் செய்தார்கள். செய்து முடித்த பிறகுதான், இது இருப்பது தெரிந்தால் உலகம் சும்மா விடாதே என்று ஞாபகம் வந்தது. அப்படிப் பிறந்தது முதல் வியூகம். அதன் பெயர் 'இல்லை'. அதாவது இருக்கிறது, ஆனால் இல்லை.

அப்போது வியூகத் துறையில் உதவி அதிகாரியாக ஓர் ஒல்லி இளைஞர் இருந்தார். வியூகம் மாறும்போதெல்லாம் அவருக்கு ஒரு பதவி உயர்வு வரும், உடம்பும் ஒரு சுற்றுப் பெருக்கும். கடைசியில் துறைத் தலைவரே ஆனார். குடியிருப்பில் அவருக்கு வியூகத்தார் என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெயிண்டரிடம் அவர் கொடுத்த முதல் உத்தரவு இது:

"இதுக்குத் தண்ணித் தொட்டின்னு பேரு. கோப்புலயும் அப்படித்தான், வாயிலயும் அப்படித்தான். நீலம் அடிங்க. 'குடிநீர்'னு பெருசா எழுதுங்க. கீழ 'கழுவிய நாள்'னு ஒரு தேதி போடுங்க."

"என்ன தேதி போடறதுங்கய்யா?"

"எதையாவது போடுங்க. எந்தத் தொட்டிய எவன் கழுவியிருக்கான்?"

"நம்பரு?"

"ஏழு."

"அப்போ மத்த ஆறும் எங்கங்கய்யா இருக்கு?"

"அதத்தான் எதிரி தேடிக்கிட்டுக் கிடக்கணும்," என்றார் வியூகத்தார். அந்த வாக்கியத்துக்கு அவருக்கு முதல் பதவி உயர்வு கிடைத்தது.

பொட்டல் காட்டில் தனியாகத் தொட்டி நின்றால் சந்தேகம் வரும் அல்லவா? அதனால் தொட்டியைச் சுற்றி வீடுகள் கட்டினார்கள். வீட்டில் குழாய் இல்லாவிட்டாலும் சந்தேகம் வரும். அதனால் வீட்டுக்கு இரண்டு குழாய் வைத்தார்கள். குழாயிலிருந்து போன பைப் தெருவரைக்கும் போய் மண்ணுக்குள் முடிந்தது. அதற்கு மேல் போனால் வீண் செலவு. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெயிண்டரின் மனைவி, சமையலறைக் குழாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்து திருகினாள். காற்று வந்தது. அந்தக் காற்றுதான் முப்பத்தொரு வருடமாக வருகிறது.

ஏவுகணையின் தலையை, அதாவது அணுகுண்டை, வேறோர் ஊரில் வைத்திருந்தார்கள். தலை ஓரிடம், உடல் ஓரிடம் என்று இருந்தால் ஆபத்தில்லையாம். தலைக்குக் கோப்பில் 'பள்ளி மணி' என்று பெயர். அதைக் கொண்டுவந்து பொருத்தும் உத்தரவில் இன்றுவரை எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது? ஆகவே உடலின் உச்சியில் ஒரு தகர மூடி போட்டு வைத்திருந்தார்கள்.

'இல்லை' வியூகம் ஆறு வருடம் ஓடியது. பிறகு ஒரு பெரிய குறை தெரிந்தது. பக்கத்து நாடு பயப்படவே இல்லை.

"இல்லன்னு சொன்னோம். நம்பிட்டாங்க," என்று வியூகத்தார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இவ்வளவு தூரம் நம்புவாங்கன்னு நாங்க எதிர்பாக்கல."

அடுத்த வியூகம் 'இருக்கலாம்'. பெயிண்டர் பாதி நீலமும் பாதி சாம்பலும் அடித்தார். 'குடிநீர்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடச் சொல்லி உத்தரவு வந்தது. ஏணியில் ஏறி அதையும் போட்டார். 'குடிநீர்?' என்று பெரிய எழுத்தில் நின்ற அதைப் பார்த்து அவர் மனைவி, "நான் தினமும் கேக்கறதத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள்.

மூன்றாவது வியூகம் 'ஆமாம்'. அணிவகுப்பு நடத்தி ஊரறியக் காட்டிவிடுவது என்று முடிவு. ஏழு என்று எண் போட்டாயிற்றே, ஏழையும் காட்ட வேண்டுமே? இருந்தது ஒன்றுதான். அதை லாரியில் கிடத்தி மைதானத்தை ஏழு முறை சுற்றுவது என்றும், மேடைக்குப் பின்புறம் வரும்போதெல்லாம் பெயிண்டர் எண்ணை மாற்றி எழுதுவது என்றும் ஏற்பாடாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வியர்வையும் பெயிண்டும் கண்ணில் வழிய, லாரி டிரைவர் ஹாரனை அடித்து அவசரப்படுத்த, பெயிண்டர் நாலுக்குப் பிறகு ஆறு எழுதி அனுப்பிவிட்டார்.

அன்று ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. ஜெயிலுக்கு என்னென்ன எடுத்துக்கொண்டு போகலாம் என்று மனைவியிடம் கேட்டார். மறுநாள் வெளிநாட்டு நிபுணர்கள் கூடி ஆராய்ந்து சொன்னது பத்திரிகையில் வந்தது: ஐந்தாவது ஏவுகணை ரகசியமாகக் கடலுக்கடியில் நிறுத்தப்பட்டிருக்கிறது.

வியூகத்தார் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அஞ்ச எங்க வெச்சீங்க?"

"வைக்கலைங்கய்யா. எழுத மறந்துட்டேன்."

"பிரமாதம். யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க."

அப்படிப் பிறந்தது நாலாவது வியூகம், 'கடலில் ஒன்று'. ஐந்தாம் எண் பராமரிப்புப் பிரிவு என்று இருபத்திரண்டு பேர் கொண்ட ஓர் அலுவலகம் திறந்தார்கள். ஏழாம் எண்ணுக்கு எரிபொருள் நிரப்பத் தெரிந்திருந்த ஆட்கள் எல்லாரையும் அங்கே மாற்றிவிட்டார்கள். கடலுக்கடியில் இருப்பதற்கு அடிக்க வேண்டிய கடல் நிற பெயிண்ட் மாதம் இரண்டு டின் வந்தது. அடித்தாயிற்று என்று பெயிண்டர் கையெழுத்துப் போட்டார். குடியிருப்பில் நாற்பத்தெட்டு கதவுகளும் கடல் நிறமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அந்தக் காலத்தில்தான் மண்மேட்டுக்கு அடியில் இருந்த கட்டுப்பாட்டு அறையின் சுவரில் ஒரு வரி எழுத அவரைக் கூட்டிப்போனார்கள். தலைநகரத்திலிருந்து அந்த வரி வந்து சேர்ந்தால், சிவப்புப் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பிடியை இழுக்க வேண்டும். உடலுக்கு அடியில் இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான், ஏவுகணை கிளம்பிவிடும். ரகசியம் காக்க அந்த வரியும் தொட்டி மொழியிலேயே இருந்தது: 'தொட்டி எண் ஏழைத் திறந்துவிடவும்.'

தூரிகையோடு நின்ற பெயிண்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏழைன்னா, ஏழாம் நம்பரைங்களா, இல்ல ஏழை பாழைன்னு சொல்றோமே அதுங்களாய்யா?"

"போர்னு வந்தா ரெண்டும் ஒண்ணுதான்யா. எழுதுங்க," என்றார் வியூகத்தார்.

அப்புறம் ஐந்தாவது வியூகம். உலக நாடுகள் முகம் சுளித்ததால் 'முதலில் அடிக்க மாட்டோம்' என்று அறிவித்தார்கள். பெயிண்டர் வெள்ளையடித்து ஒரு புறா வரைந்தார். புறா கோழி மாதிரி இருந்தது. அதையும் சமாதானம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நாட்டுக்குள் சிலர் கோழைத்தனம் என்று கத்தவே, வியூகத்தார் அறிக்கையில் இன்னொரு வரி சேர்த்தார்: 'முதலில் அடிக்க மாட்டோம், இரண்டாவதாக இருக்கவும் மாட்டோம்.'

இந்த வரியின் அழகைப் பல வருடம் எல்லாரும் பாராட்டினார்கள். யாரும் அதை உட்கார்ந்து யோசித்துப் பார்க்கவில்லை.

முப்பத்தொரு வருடத்தில் இருபத்திரண்டு பூச்சு. ஏவுகணையும் வியூகத்தாரைப் போலவே சுற்றுப் பெருத்துவிட்டது.

பதினெட்டாவது பதில் கடிதம் வந்த அதே மாதம், வியூகத்தார் குடியிருப்பு மைதானத்தில் நாற்காலி போடச் சொல்லி ஆறாவது வியூகத்தை விளக்கினார்.

"எதிரியோட ஏவுகணை இங்க வர்றதுக்கு நாலு நிமிஷம் போதும். நம்மளுதுக்கு எரிபொருள் ஊத்தவே நாலு மணி நேரம் ஆகும். இத்தனை வருஷமா இத ஏன் யாரும் யோசிக்கலன்னு கேப்பீங்க. யோசிக்க வேண்டிய இடத்துல நான்தான் இருந்தேன். ஆனா அப்போ வியூகம் வேற. இனிமே நம்ம வியூகம், எப்பவும் நிரம்பிய நிலை!"

எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "எங்க குடமும் அப்படி இருந்தா நல்லாயிருக்கும்" என்றது. அது யார் என்று பெயிண்டருக்குத் தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உத்தரவு வழக்கம்போலத் தொட்டி மொழியில் எழுதப்பட்டது: 'தொட்டி எண் 7 எப்போதும் நிரம்பிய நிலையில் வைக்கப்பட வேண்டும். மிக அவசரம்.' எரிபொருள் ஆட்கள் எல்லாரும் கடலுக்கடியில் இல்லாத ஐந்தாம் எண்ணைப் பராமரித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பு எழுத்தர் கோப்பைப் புரட்டினார். தொட்டிகளைப் பராமரிக்கும் துறை எது என்று பார்த்தார். குடிநீர் வாரியம் என்று இருந்தது. அனுப்பிவிட்டார்.

குடிநீர் வாரியத்தின் உதவிப் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான பெண். 'மிக அவசரம்' என்று எழுதியிருந்தால் அது மிக அவசரம்தான் என்று நம்பக்கூடியவள். மறுநாள் காலையிலேயே பைப் லாரியோடு வந்து நின்றாள்.

"நிரப்பணும்னு எழுதியிருக்கு. ஆனா உள்ள வர்ற பைப்பும் இல்ல, வெளிய போற பைப்பும் இல்ல. முப்பது வருஷமா எப்படிண்ணே ஓட்டினீங்க?"

"அது ஒரு மாதிரி ஓடிருச்சு மேடம்."

அவள் தொட்டியைச் சுற்றி வந்தாள். அடிப்பக்கம் நாலு இறக்கைகள் நீட்டிக்கொண்டிருந்தன. "இது எதுக்கு?"

"காத்தடிச்சா ஆடாம இருக்க."

"மேல எதுக்கு இவ்வளவு கூர்மை?"

"காக்கா உக்காராம இருக்க, மேடம்."

அவள் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல யோசனை, மற்றத் தொட்டிகளிலும் வைக்கலாம் என்றாள். பிறகு பேனாவை மூடிவிட்டு நேராகப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, இது தண்ணித் தொட்டிதானே?"

பெயிண்டர் இருதலைக்கொள்ளி எறும்பாக நின்றார். இல்லை என்று சொன்னால் ரகசியத்தை உடைத்த குற்றத்துக்கு ஜெயில். ஆமாம் என்றால் நாட்டின் ஒரே ஏவுகணைக்குள் தண்ணீர். தெருக்கோடியில் அவர் மனைவி இரண்டு குடங்களோடு, ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்துகொண்டிருந்தாள். நாலு வீடு தள்ளி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள்.

"கோப்புல அப்படித்தானே மேடம் இருக்கு," என்றார் பெயிண்டர்.

ஆறு நாளில் வேலை முடிந்தது. முதலில் காற்று வந்தது, பிறகு துரு, பிறகு ஒரு சிலந்தி. அப்புறம் தண்ணீர் வந்தது. பெயிண்டரின் மனைவி குழாயை மூடவே இல்லை. குடம் நிறைந்து வழிந்து காலை நனைத்தும் அப்படியே நின்றாள். அவள் அழுது பெயிண்டர் பார்த்தது அன்றைக்குத்தான். தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரைக்கும் தண்ணீர் விடுவார்கள். சொன்னபடி மறுநாளே மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள்.

அதே மாதம் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். வியூகத் துறையில் 'தொட்டி எண் 7 திறப்பாளர்' என்று ஒரு பணியிடம் இருந்தது. குடிநீர் வாரியத்திலும் 'தொட்டி எண் 7 திறப்பாளர்' என்று ஒரு பணியிடம் இருந்தது. ஒரு தொட்டிக்கு இரண்டு திறப்பாளரா? இரண்டையும் ஒன்றாக்கி, அந்த ஒன்றையும் ஆள் போடாமல், பெயிண்டருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் இடுப்புக் கயிற்றில் இரண்டு சாவிகள் தொங்கின. ஒன்று தண்ணீர் வால்வுக்கு. இன்னொன்று சிவப்புப் பெட்டிக்கு.

வியூகத்தார் பார்வையிட வந்தார். கைத்தடியால் தட்டினார். தொம் என்றது.

"நிரம்பியிருக்கா?"

"விளிம்பு வரைக்குங்கய்யா."

"கசிவு?"

"மூணாம் நம்பர் வீட்டுல மட்டும் லேசா. வாஷர் மாத்தணும்."

வியூகத்தார் அவர் தோளில் தட்டினார். கூட வந்த அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா? நாம மட்டும் இருக்கும்போதுகூட ரகசிய பாஷையிலதான் பேசறார். இதுதான்யா கட்டுப்பாடு" என்றார்.

அதற்குள் பக்கத்து நாட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துவிட்டார். முதலில் அடிக்க மாட்டார்கள், இரண்டாவதாக இருக்கவும் மாட்டார்கள், இப்போது எந்நேரமும் நிரம்பிய நிலையில் வேறு இருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அர்த்தம் புரியவில்லை. புரியாததால் அவர்கள் தங்கள் ஏவுகணையை நிமிர்த்தினார்கள். அவர்கள் நிமிர்த்தியதைப் பார்த்து இங்கே சிவப்புப் பெயிண்ட் அடிக்க உத்தரவு வந்தது. இங்கே சிவப்பைப் பார்த்து அவர்கள் எல்லையை மூடினார்கள். வியூகத்தார் டிவியில் வந்தார்.

"மக்கள் யாரும் பயப்பட வேண்டாம். எல்லாரும் அவங்கவங்க வீட்லயே இருங்க. நான் தரைக்குக் கீழ நூறடியில, உங்களோடயேதான் இருக்கேன்."

மறுநாள் மதியம் மூன்று மணி. பெயிண்டர் ஏணியில் நின்று சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார். கீழே அவருடைய வீட்டுப் பின்கட்டில் மகள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது அங்கிருந்து தெரிந்தது. காலையில் பிடித்து வைத்த வாளி பாதியில் தீர்ந்துவிட்டது. பிள்ளையின் தலை முழுக்க சோப்பு. கண்ணில் நுரை இறங்கி அது வீல் வீலென்று அலறியது. மகள் வெறும் குழாயைத் திருகித் திருகிப் பார்த்தாள். மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் ஓடுவதற்குப் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

கோப்பு எழுத்தர் கையில் ஒரு தாளோடு மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"தலைநகரத்திலேர்ந்து வந்திருக்கு. எட்டு நிமிஷத்துக்குள்ள செய்யணுமாம். என்ன, தண்ணி திறக்கறதுக்குப் போய் இவ்வளவு அவசரப்படுத்தறாங்க!"

பெயிண்டர் இறங்கி வந்து தாளை வாங்கினார். ஒரே வரி. இருபது வருடங்களுக்கு முன்னால் சுவரில் அவர் கையாலேயே எழுதிய வரி.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிவப்புப் பெட்டியின் பிடியை இழுத்தால் அடியில் மருந்து பற்றும். இருபதாயிரம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு அது எங்கே பறக்கும்? ஒரு முழம் எழும்பும், சாயும், வீடுகளின் மேல் விழும். முதல் வீடு அவருடையது. தப்பித்தவறிப் பறந்துதான் போனால், நாலு நிமிஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அவர்களுடையதில் தலை இருக்கும். இழுக்காவிட்டால், போர்க்காலத்தில் உத்தரவை மீறியவனுக்கு என்ன தண்டனை என்பதும் அதே சுவரில் எழுதியிருந்தது. அதையும் அவர்தான் எழுதினார்.

பிள்ளை இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

பெயிண்டர் தாளை இன்னொரு முறை படித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். தொட்டி எண் ஏழைத் திறந்துவிடச் சொல்லியிருந்தது. அதில் வேறு ஒரு வார்த்தையும் இல்லை. முப்பத்தொரு வருடமாக இவர்கள் எழுதியதில் சொன்னது ஒன்று, நினைத்தது வேறு. ஒரே ஒரு தடவை, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்தால் என்ன?

இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து, வால்வைத் திறந்தார்.

நாற்பத்தெட்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் கூச்சல் எழுந்தது. "தண்ணி வருது! மூணு மணிக்குத் தண்ணி வருது!" குடம், வாளி, சட்டி, கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் நின்ற மனைவி வெறும் குடத்தோடு திரும்பினாள். பின்கட்டில் அலறல் கொஞ்சம் கொஞ்சமாக விம்மலாகி, பிறகு அடங்கியது.

அரை மணி கழித்துக் கட்டுப்பாட்டு அறை போன் அடித்தது. நூறடி ஆழத்திலிருந்து வியூகத்தாரின் குரல் வந்தது.

"திறந்தாச்சா?"

"திறந்தாச்சுங்கய்யா."

"எவ்வளவு தூரம் போச்சு?"

"கடைசி வீடு வரைக்கும் போச்சுங்கய்யா."

வியூகத்தார் மெல்லக் கேட்டார். "கடைசி வீடு வரைக்குமா?"

"ஒரு வீடு விடலைங்க. வேகம் நல்லா இருந்துச்சு. பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாம் தெருவுக்கு ஓடி வந்துட்டாங்க. ஒரே கூச்சல்."

"பிள்ளைங்களும்..." என்றார் வியூகத்தார். "பெயிண்டர், நான் இதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான்யா எழுதினேன். எழுதினா பதவி உயர்வு குடுத்தாங்க. யாராவது ஒருத்தன் நிஜமா செய்வான்னு நான் நினைக்கவே இல்ல." போனிலேயே அழுதார். பெரிய உடம்பு, நிறைய நேரம் அழுதது. பெயிண்டருக்கு அவர் மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. ஆறுதலாக, "அழாதீங்கய்யா, நாளைக்குக் காலையில வழக்கம்போல ஆறு மணிக்குத்தான்" என்றார். அதற்குள் லைன் போய்விட்டது.

அந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றும் வரவில்லை. நாலு நிமிஷம் நாலு மணி நேரமாயிற்று, பொழுதும் சாய்ந்தது. வானத்தில் சாதாரண மேகம்தான் போனது. ராத்திரிச் செய்தியில், தாங்களும் உச்சக்கட்ட உத்தரவைப் பிறப்பித்த பிறகு பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டதாகப் பக்கத்து நாடு அறிவித்தது.

"உத்தரவு போட்டப்புறம் எப்படிங்க பொறுத்துக்க முடியும்?" என்று மனைவி கேட்டாள்.

"அவங்க கோப்புல அதுக்கு என்ன பேரோ," என்றார் பெயிண்டர். அவள், "அங்க எந்தத் தெருவுல தண்ணி வந்துச்சோ" என்று சொல்லிவிட்டுப் பேரனுக்குப் பாயை விரித்தாள்.

மறுநாள் வியூகத்தார் தரைக்கு மேலே வந்தார். எதிரி நாடு பத்திரமாக இருப்பதை அறிந்து ஒரு மணி நேரம் பேச்சற்று உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மணி நேரத்தில் அதற்கும் ஒரு வியூகம் எழுதிவிட்டார். 'திறந்தும் தீங்கு செய்யாமை' என்று அதற்குப் பெயர். முப்பது வருடமாக மனதுக்குள் இதைத்தான் வளர்த்துவந்ததாகப் பேட்டி கொடுத்தார். பதவி உயர்வு கொடுக்க மேலே பதவி இல்லாததால் ஒரு புதுப் பதவியை உண்டாக்கினார்கள். தொட்டிக்குத் திரும்பவும் நீலம் அடிக்க உத்தரவு வந்தது. 'குடிநீர்' என்பதற்குப் பக்கத்தில், கேள்விக்குறி இருந்த இடத்தில், ஆச்சரியக்குறி.

பெயிண்டர் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது உதவிப் பொறியாளர் வந்தாள். கையில் குறிப்பாணை இருந்தது. கொடுக்கச் சங்கடப்பட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. மதியம் மூணு மணிக்குத் தண்ணி திறந்திருக்கீங்க. அனுமதிச்ச நேரம் காலை ஆறுலேர்ந்து ஏழு. விளக்கம் கேக்காம விட்டா என்னைக் கேப்பாங்க."

பெயிண்டர் குறிப்பாணையை வாங்கிப் படித்தார். 'அனுமதிக்கப்படாத நேரத்தில் தொட்டி எண் ஏழைத் திறந்ததற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.' கீழே பதில் எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள். ஒரே ஒரு கோடு. அவளிடமே பேனா வாங்கி, தொட்டியின் இரும்புக் காலில் தாளை வைத்து, அந்தக் கோட்டுக்குள் அடங்கும்படி நிதானமாக எழுதினார்:

'பிள்ளையின் தலையில் சோப்பு இருந்தது.'